உள்ளத்தில் அன்பு, கையில் உழைப்பு

(ஜூபிலி விழாவில் நிகழ்த்திய உரை)



ஜூபிலி என்றதும் கட்டிய கட்டடங்களையும் நடத்திய விழாக்களையும் எண்ணி மகிழ்கிறோம். அது முறைதான். ஆனால், பீடத் துணியைத் துவைத்த கைகளும், நோயாளிக்குக் கஞ்சி கொண்டுபோன கால்களும் எந்தக் கல்வெட்டிலும் இடம் பெறுவதில்லை. அந்த மறைந்த பணியைப் பற்றியே சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

புனித சின்னப்பர் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 4-ஆம் அதிகாரத்தில் சகோதர அன்பைப் பற்றிப் பேசுகிறார். உடனேயே, அமைதியாக வாழ்ந்து சொந்தக் கையால் உழைக்கும்படி வற்புறுத்துகிறார். அவரே கொரிந்து நகரில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லா தம்பதியர் வீட்டில் தங்கிக் கூடாரம் செய்து பிழைத்தவர். ஆகவே காங்கேயத்தில் கொப்பரைக் களத்திலும், எண்ணெய் ஆலையிலும், பனியன் கம்பெனியிலும் உழைக்கும் நமக்கு அவர் சொல் அந்நியமானதல்ல.

யோப்பா பட்டணத்துத் தபித்தாவை நினைத்துப் பாருங்கள். அந்த அம்மையார் பேசிய ஒரு சொல்கூட வேதத்தில் இல்லை. அவர் இறந்தபோது கைம்பெண்கள் அழுதுகொண்டே இராயப்பரிடம் காட்டியது எதை? அவர் தைத்துக் கொடுத்த அங்கிகளையும் ஆடைகளையுமே! தைத்த துணியே அவருடைய அன்புக்குச் சாட்சி சொன்னது. இராயப்பர் முழங்காலிட்டுச் செபித்தார்; அவரும் உயிர் பெற்று எழுந்தார்.

தையல் தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். கடையில் பார்ப்பது பனியனின் வெளிப்பக்கத்தை. உடம்பில் படுவதோ உள்தையல். கோவிலில் பிறர் காண்பது நம் வெளிப்பக்கம். வீட்டாருக்கும் உடன் உழைப்பவர்களுக்குமே நம் உள்தையல் தெரியும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். அமைதியான உழைப்பு என்றால் அநீதியைக் கண்டும் வாய்மூடியிருப்பது என்று பொருளல்ல. பிடித்து வைத்த கூலி கடவுள் செவியில் கூக்குரலிடுகிறது என்று புனித யாகப்பர் 5-ஆம் அதிகாரத்தில் எச்சரிக்கிறார். தனக்குப் பெயர் தேடாமல் பிறருக்காக வாய் திறப்பதும் அன்பின் பணியே.

இந்த ஜூபிலி ஆண்டில் மூன்று காரியங்களைச் செய்வோம். முதலாவது, வேலைக்குப் புறப்படுமுன் ஒரு நிமிடம் மௌனமாகச் செபிப்போம். இரண்டாவது, இடக்கைக்குத் தெரியாமல் வலக்கை கொடுக்கட்டும் என்றாரே ஆண்டவர். அவ்வாறே வாரம் ஒரு நற்செயலை எவருக்கும் சொல்லாமல் செய்வோம். மூன்றாவது, ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து நம் பகுதியில் உழைக்கும் சகோதரர் எவரேனும் ஞாயிறு பூசையில் பின்னால் ஒதுங்கி நின்றால், அருகே அழைத்து அமர்த்தி, அவர் பெயரைக் கேட்டு, அந்தப் பெயராலேயே அழைப்போம்.

நாசரேத்தூரில் தச்சராக உழைத்து மறைந்து வாழ்ந்த நம் ஆண்டவர் நம் கைகளின் வேலையை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.