பாராட்டும் உள்ளத்தின் நிறைவும்
(யூபிலி விழாவில் ஆற்றிய உரை)



அண்டைப் பங்கினரெல்லாம் வந்து நம் ஆலயத்தைப் பார்த்துப் பாராட்டுகின்றனர். மகிழ்ச்சியே. பழுத்த மரத்தைப் பறவைகள் நாடுவது இயல்பு. ஆனால், பாராட்டு நம் உள்ளத்தை நிறைத்துவிடுமா?

புனித அன்னை தெரேசாவை எண்ணிப் பாருங்கள். 1948இல் கல்கத்தாச் சேரிகளில் அவர் நடந்தபோது, அவரை அறிந்தோர் வெகு சிலரே. 1952இல் காளிகாட்டில் இறக்கும் தறுவாயிலிருந்தோர்க்கு இல்லம் திறந்தார். பின்னர் உலகமே திரும்பிப் பார்த்தது. 1979இல் நோபல் பரிசு. 1980இல் பாரத ரத்னா. "பரிசு விருந்து வேண்டாம், அப்பணம் ஏழைகளுக்குச் சேரட்டும்" என்று கேட்டுக்கொண்டார். அவ்வாறே ஆயிற்று.

தம் ஆன்ம வழிகாட்டிகளுக்கு அவர் எழுதிய கடிதங்கள் 2007இல் நூலாக வெளிவந்தன. ஏறத்தாழ 50 ஆண்டுகள் இறைவனின் அருகாமையை உணர இயலாது அவர் உள்ளம் இருளில் தவித்ததை அப்போதுதான் உலகம் அறிந்தது. எந்தப் பரிசும் அவ்விருளைப் போக்கவில்லை. ஆயினும் அவரது செபமும் நிற்கவில்லை. நோயாளிகளின் பணிவிடையும் நிற்கவில்லை. புகழை நம்பிய பணியாயின் என்றோ ஓய்ந்திருக்கும்.

அன்பர்களே, நாளை கொடி இறங்கும். வண்ண விளக்குகள் அணையும். விருந்தினர் ஊர் திரும்புவர். அதன்பின், நம் தெருவில் படுக்கையாய்க் கிடக்கும் முதியவரைக் காண நம்மில் யார் போவோம்? நம் பங்கை அளக்கும் கோல் அதுவே. கல்வெட்டில் பெயர் பொறிக்கப்படாத அத்தொண்டைச் செய்யும் மனத்தை, நம் பாதுகாவலரின் பரிந்துரையால் இறைவனிடம் வேண்டுவோம்.