விண்வெளிப் பயணத்துக்குக் கட்டுச்சோறு

தூரப் பயணம் போகிறவர்களுக்குக் கட்டுச்சோறு கட்டிக் கொடுப்பது நம் வழக்கம். புளிச்சோறு கட்டினால் மறுநாள் வரை தாங்கும். மூன்று ஆண்டுப் பயணத்துக்கு எதைக் கட்டுவது? செவ்வாய்க் கிரகத்துக்கு நான்கு பேரை அனுப்பித் திரும்ப அழைத்து வர ஏறக்குறைய அவ்வளவு காலம் ஆகும். வழியில் கடையும் இல்லை, சந்தையும் இல்லை.

2007 அக்டோபரில் நம் நாட்டின் ஷேக் முஸாபர் சுமார் பத்து நாள் விண்வெளிக்குப் போய் வந்தார். அத்தகைய பயணத்துக்கு எல்லாவற்றையும் பொட்டலமாகக் கொண்டு போகலாம். விண்வெளி நிலையத்தில் ஆறு மாதம் இருப்பவர்களுக்கோ சரக்குக் கலங்கள் வந்து போகின்றன. செவ்வாய்க்கு அது நடவாது. மொத்தமாக ஏற்றிக் கொண்டு போகலாமென்றால் பாரம் தாங்காது. இன்னொரு தொல்லையும் உண்டு. பொட்டல உணவு கெடாவிட்டாலும், அதிலுள்ள வைட்டமின் சி, பி1 போன்ற சத்துகள் நாளாக நாளாகக் குறைந்து போகும். வைட்டமின் சி கிடைக்காவிட்டால் ஈறு வீங்கி இரத்தம் கசியும். பாய்மரக் கப்பல் காலத்தில் எத்தனையோ மாலுமிகள் அந்த நோயில்தான் மாண்டார்கள்.

ஆகவே, நாசாவும் கனடா விண்வெளி நிறுவனமும் சேர்ந்து 2021 ஜனவரியில் ஒரு போட்டியை அறிவித்தன. நான்கு பேர், மூன்று ஆண்டு, இடையில் எதுவும் அனுப்பப்படாது. உணவுக்கு வழி சொல்லுங்கள் என்றன.

பரிசு வைத்து உணவுக்கு வழி தேடுவது புதிதல்ல. நம் வீட்டு அலமாரியில் இருக்கும் சார்டின் டின்னைப் பாருங்கள். அதன் மூதாதை ஒரு கண்ணாடிப் புட்டி. பிரான்சில் மிட்டாய் செய்து விற்ற நிக்கோலா அப்பேர் என்பவர் உணவைப் புட்டியில் இட்டு, இறுக அடைத்து, வெந்நீரில் வேகவைத்தார். அதற்காக 1810-இல் பிரெஞ்சு அரசாங்கம் 12,000 பிராங்கு பரிசளித்தது. உணவு ஏன் கெடவில்லை என்பது அவருக்கே தெரியாது! கிருமிகளைப் பற்றி லூயி பாஸ்டர் விளக்கியது அதற்கு அரை நூற்றாண்டு பிறகுதான்.

ஆனால், பரிசு வைப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. நாம் ஒரு முறை மாணவர்களுக்குக் காய்கறித் தோட்டப் போட்டி வைத்தோம். அதிக எடை விளைவிப்பவருக்குப் பரிசு என்றோம். எல்லாரும் பூசணியே போட்டார்கள். கீரை போட ஆளில்லை. தவறு பிள்ளைகளுடையதன்று, விதி எழுதிய நம்முடையது. நாசாவின் விதிகள் அப்படியில்லை. எவ்வளவு விளைகிறது என்பதோடு, எவ்வளவு நீரும் மின்சாரமும் செலவாகிறது, எவ்வளவு கழிவு மிஞ்சுகிறது, சுவையாக இருக்கிறதா, ஆபத்தில்லாததா என்றெல்லாம் பார்த்தார்கள்.

முதற் சுற்றில் 18 அமெரிக்கக் குழுக்கள் தலா 25,000 டாலர் பெற்றன. 2023-இல் ஐந்து குழுக்களுக்குத் தலா 150,000 டாலர். அவற்றுள் ஒன்று, மனிதர் வெளிவிடும் மூச்சுக்காற்றைக் கொண்டு சாராயம் செய்து, அதை ஈஸ்ட்டுக்கு ஊட்டி, அந்த ஈஸ்ட்டையே புரத உணவாக்கியது. சாராயம் குடிக்க அல்ல என்பதைச் சொல்லிவிடுகிறோம்.

இறுதிச் சுற்றில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்து மாணவர்கள் விண்வெளி வீரர்களைப் போலிருந்து இயந்திரங்களை இயக்கிச் சோதித்தார்கள். 2024 ஆகஸ்டில் முடிவு வந்தது. கீரைக் கன்று, காய்கறி, காளான், பூச்சி ஆகியவற்றை வளர்க்கும் பெட்டகம் செய்த புளோரிடா குழுவுக்கு 750,000 டாலர். மேலும் இரு குழுக்களுக்குத் தலா 250,000 டாலர். அவற்றுள் ஒன்று செய்தது அடுப்பு. எடையற்ற இடத்தில் சட்டியில் எதுவும் தங்காது, எண்ணெயும் குழம்பும் மிதக்கும். அதனால் சூடான உருளையைச் சுழலவிட்டு, உணவைச் சுவரோடு ஒட்டி வேகச் செய்கிறார்கள். பிள்ளைகள் வாளியில் நீரெடுத்து வேகமாகச் சுழற்றிப் பார்க்கட்டும், நீர் கொட்டாது. அதே தத்துவந்தான்.

இம்முறையில் நமக்கொரு மனக்குறை உண்டு. வென்றவருக்குத்தான் பணம், தோற்றவர் செலவு அவர் தலையில். கையில் முதல் இல்லாத கெட்டிக்காரன் இதில் இறங்குவது கடினம். மேலும், நாசாவின் பணம் அமெரிக்கக் குழுக்களுக்கே. வெளிநாட்டாருக்குப் பாராட்டு மட்டும்.

அப்படிப் பாராட்டுப் பெற்றது பின்லாந்துக் குழு ஒன்று. நுண்ணுயிருக்குக் கரியமில வாயுவும் ஹைட்ரஜனும் சிறிது உப்புச் சத்துகளும் கொடுத்து, மஞ்சள் நிறப் புரத மாவு எடுக்கிறார்கள். வயலும் வேண்டாம், வெயிலும் வேண்டாம். அந்த மாவை உணவாக விற்கலாமென்று உலகிலேயே முதலில் 2022-இல் அனுமதி கொடுத்த நாடு எது தெரியுமா? ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் சிங்கப்பூர்.