கல்பாக்கமும் நம் பெரட்டுக் களமும்



அணுகுண்டு ஆய்வுக்கூடத்துத் தொழிலாளியைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் ஏற்பாட்டாளர் ஒருவர், "தேயிலைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் ஐயா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நம் மலேசியத் தேயிலைத் தோட்டங்களில் மருந்தடிக்கும் வேலை பார்த்தவர்களுக்கு விடை தெரியும். உடம்புக்குள் என்ன போகிறது, எவ்வளவு போகிறது என்பது அடிக்கிறவருக்குத் தெரியாது. அதை அளந்து சொல்ல இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவர் யாரிடம் சம்பளம் வாங்குகிறார் என்பதுதான் இன்றைய பேச்சு.

சென்னைக்குத் தெற்கே, கடலோரத்தில் கல்பாக்கம். அங்கே மின்சாரம் எடுக்கும் அணுமின் நிலையம் இருக்கிறது. இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. எரிந்து முடிந்த எரிபொருளைக் கரைத்துப் புளூட்டோனியம் பிரிக்கும் மறுசுத்திகரிப்பு ஆலையும் இருக்கிறது. இந்த மூன்றாவது மட்டும் மும்பையின் பாபா அணு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்தது. 1974-லும் 1998-லும் பொக்ரானில் வெடித்த குண்டுகளில் கைவைத்த அதே மையம்.

இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983 நவம்பரில் அமைந்தது. அதுவே முழுச் சுதந்திரம் உள்ள அமைப்பு அல்ல. அணுசக்தி ஆணையத்துக்குக் கீழே இருந்தது. ஆணையத் தலைவரும் அணுசக்தித் துறைச் செயலாளரும் ஒரே ஆள். அந்த அரைகுறைக் காவலும் சிலருக்கு அதிகமாகப் பட்டது போலும். 2000 ஏப்ரலில் ஓர் ஆணை வந்தது: பாபா மையத்தையும் அதன் ஆலைகளையும் இனி வாரியம் பார்க்க வேண்டாம், மையத்தின் இயக்குநர் அமைக்கும் உள் குழுவே பார்த்துக்கொள்ளும். 1993 முதல் 1996 வரை வாரியத் தலைவராக இருந்த ஏ. கோபாலகிருஷ்ணன் இதை வெளிப்படையாகவே கண்டித்தார். ஆணை மாறவில்லை. ஆக, கல்பாக்கத்தில் பக்கத்துப் பக்கத்து ஆலைகளுக்கு இரண்டு விதக் காவல்.

மூன்று வருஷம்கூட ஆகவில்லை. 2003 ஜனவரி 21. மறுசுத்திகரிப்பு ஆலையின் கழிவுத் தொட்டிப் பகுதியில், கதிர்வீச்சு குறைவாக இருக்க வேண்டிய ஓர் இடத்தில், ஊழியர்கள் கழிவு மாதிரி எடுக்கப் போனார்கள். அன்றாட வேலைதான். ஒரு வால்வு பழுதாகி, கடும் கதிர்வீச்சுக் கழிவு இந்தப் பக்கம் வந்திருந்தது. ஆலைக்கு வயது ஐந்து. ஆனாலும் அந்த இடத்தில் கதிர்வீச்சைக் காட்டும் கருவி இல்லை, வால்வு கெட்டதைச் சொல்லும் ஏற்பாடும் இல்லை. எடுத்த மாதிரியைச் சோதித்த பிறகே விஷயம் தெரிந்தது. ஆறு பேர் வாங்கிக்கொண்ட அளவு 280 முதல் 420 மில்லிசீவர்ட். ஒரு தொழிலாளிக்கு ஓராண்டில் அதிகபட்சம் 30 என்பது இந்தியாவின் வரம்பு.

மூன்றாம் நாள் ஊழியர் சங்கம் இயக்குநருக்குக் கடிதம் எழுதியது. பத்துக் கோரிக்கைகள். அதில் ஒன்று, முழுநேரப் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமியுங்கள் என்பது. புளூட்டோனியம் பிரிக்கும் ஆலையில் இதைக் கேட்டுப் பெற வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள். பதில் இல்லை. சில மாதம் கழித்து வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னின்றவர்களுக்கு இடமாற்றம், மற்றவர்களுக்கு மிரட்டல். இரண்டே நாளில் எல்லோரும் வேலைக்குத் திரும்பினார்கள். இடம் பாதுகாப்பாக இல்லையென்றால் திரும்பியிருப்பார்களா என்று நிர்வாகம் அதையே சான்றாகக் காட்டியது! அடுப்பில் உலை வைக்க வேண்டிய கட்டாயம் எந்தக் கருவியிலும் பதிவாவதில்லை.

கடைசியில் செய்தி பத்திரிகைக்குப் போனது. அதன்பின், ஆகஸ்டில்தான், இந்திய அணுத்துறை வரலாற்றிலேயே மோசமான கதிர்வீச்சு விபத்து இது என்று ஒப்புக்கொண்டார்கள். கூடவே பழி தொழிலாளிமேல்: ஆர்வக்கோளாறு, மார்பில் குத்த வேண்டிய பட்டையைக் குத்தவில்லை என்று. அந்தப் பட்டையைக் கொஞ்சம் பாருங்கள். அது கதிர்வீச்சைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். பிறகு ஆய்வகத்தில் சூடாக்கிப் படித்தால் எவ்வளவு என்று சொல்லும். வாசலில் நின்று எச்சரிக்காது. மாலையில் தராசில் நிறுத்தால் கொழுந்தின் எடை தெரியும், காலையில் மலைச்சரிவில் கால் வழுக்கப்போவது தெரியுமா?

பணக்கார நாட்டில் இப்படி நடக்காது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் குண்டு செய்யும் ஆலைகளைப் பல்லாண்டுகள் அவற்றுக்கு உடைமையாளரான அரசுத் துறையே மேற்பார்த்தது. 1988-ல்தான் நாடாளுமன்றம் தனி வாரியம் ஒன்றை அமைத்தது. அதற்கும் பரிந்துரைக்கத்தான் அதிகாரம். 2000-ல் நோயுற்ற தொழிலாளர்களுக்கு 1,50,000 டாலர் இழப்பீடு என்று சட்டம் வந்தது. அதற்குள் எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

மலேசியாவிலும் இது நடந்தது. நம் கேமரன் மலையிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாக இறங்கினால் ஈப்போ. பக்கத்தில் புக்கிட் மேரா. அங்கே ஏஷியன் ரேர் எர்த் ஆலை 1982-லேயே ஓடத் தொடங்கியது. கதிர்வீச்சுள்ள தோரியக் கழிவு குவிந்தது. அதைக் கண்காணிக்க வேண்டிய அணுசக்தி உரிம வாரியம் 1985-ல்தான் அமைந்தது. ஊர்மக்கள் நீதிமன்றம் ஏறினார்கள். 1992-ல் ஈப்போ உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது, அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது, 1994-ல் கம்பெனி தானாகவே மூடிக்கொண்டது.

இனி நம் பெரட்டுக் களத்துக்கு, காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் இடத்துக்கு, வருவோம். பாராகுவாட் களைக்கொல்லியை 2002-ல் நிறுத்தப்போவதாக நம் அரசு சொன்னது, 2006-ல் தளர்த்தியது, 2020 ஜனவரி முதல் நாளில்தான் தடை நடைமுறைக்கு வந்தது. இடையில் எத்தனை பெண்கள் முதுகில் பம்பு சுமந்து அதை அடித்தார்கள்! 1994-ன் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் அப்போதும் இருந்தது. 40 பேரும் அதற்கு மேலும் உள்ள இடத்தில் பாதுகாப்புக் குழு வேண்டும் என்று அதில் எழுதியும் இருக்கிறது. திருத்தப்பட்ட சட்டம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. அதன்படி, உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பினால், முதலாளி அதை நீக்காதபோது, வேலையிடத்தை விட்டு விலகத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. அதற்காகப் பழிவாங்கக் கூடாது. கல்பாக்கத்தில் இரண்டே நாளில் பிடுங்கப்பட்டது இதுதான். ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் ஒரு பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளரையும் நியமிக்க வேண்டும். அவரை நியமிப்பது முதலாளி. ஆகவே நாளைக் காலைப் பெரட்டில் இரண்டு கேள்வி கேளுங்கள்: நம் தோட்டத்தில் அவர் யார், குழு கடைசியாகக் கூடியது எப்போது? வங்காளதேசத்துத் தம்பிகளுக்கும் நேப்பாளத்துத் தம்பிகளுக்கும் அவர்கள் மொழியில் பதிலைச் சொல்லுங்கள். இன்று பம்பு பெரும்பாலும் அவர்கள் முதுகில்தான் இருக்கிறது.