கச்சான் காலத்தைத் தாங்கும் வீட்டுத்தோட்டம்

(தாய்மார் சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



பசறை, தெமோதரை, ஹாலிஎலப் பக்கத்தில் இருக்கிற நமக்கு நுவரெலியாத் தோட்டக்காரர் செய்கிற மரக்கறி ஒத்துவராது. அங்கே மழை பிடிக்கிற ஆனி, ஆடி மாதங்களில்தான் இங்கே கச்சான் காற்று வீசுகிறது. அந்தக் காற்று கொழுந்துக்கு வாசனை கொடுக்கும். ஊவாத் தேயிலைக்குப் பேர் வந்ததே அதனால்தான். ஆனால் நம்ம மரக்கறிப் பாத்திக்கு அதுதான் எமன். வெயிலை விடக் காற்றுதான் மண்ணின் ஈரத்தை இழுத்துக்கொண்டு போகிறது.

நாங்கள் லயங்களுக்குப் போகும்போது பலரும் கோவா, கரட், லீக்ஸ் கன்றுதான் கேட்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை. ஆனால் பீலி சுருங்கிப் போன காலத்தில் அதுக்குத் தண்ணி சுமப்பது யார்? காலையில் இருந்து மலையில் கொழுந்து பறித்து விட்டு வருகிற அம்மாதானே? இருபது கன்றுக்கு நாலு வாளி என்றாலும், பீலிக்கரையில் இருந்து மேடு ஏறி நாலு நடை. ஆகவே, செடியைத் தெரிவு செய்யும்போது எது காய்க்கும் என்பதோடு, எது வாளி கேட்காது என்றும் பார்க்க வேண்டும். 2016 கடைசியில் மழை பொய்த்து, 2017 வரை வறட்சி இழுத்ததே, அதை நினைத்துப் பாருங்கள்.

நாங்கள் முதல் இடம் கொடுப்பது முருங்கைக்கு. கைக்கட்டை மொத்தத்தில் மூன்று, நாலு அடிக் கம்பாக வெட்டி, ஐப்பசி மழை தொடங்கியதும் ஊன்றுங்கள். வேர் பிடித்து விட்டால் பிறகு தண்ணி தேவையில்லை. மேல்மலைக் குளிரில் இது சரியாக வராது, கீழ்ப்பிரிவுக்காரருக்குத்தான் வாய்ப்பு. காய்க்காகக் காத்திருக்காமல் இலையைப் பறித்துச் சுண்டுங்கள். நம்ம தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் இரத்தச்சோகை அதிகம் என்று கிளினிக்கில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். முருங்கை இலையில் இரும்புச்சத்து இருக்கிறது. கொஞ்சம் தேசிக்காய்ப் புளி விட்டால் உடம்பில் நல்லாச் சேரும். ஒன்று மட்டும்: சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிக்காதீர்கள். அந்தச் சாயம் இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாது. ஒரு மணித்தியாலம் பொறுங்கள். தேயிலைத் தோட்டத்தில் நின்று இதைச் சொல்வது வேடிக்கைதான், ஆனாலும் உண்மை.

அடுத்தது துவரை. ஆணிவேர் ஆழமாகப் போகும், மண்ணுக்கும் உரம் சேர்க்கும். காற்று வருகிற பக்கத்தில் கிளிரிசிடியாக் கம்பு நட்டு, அதுக்கு உள்பக்கம் துவரையைப் போட்டால், உள்ளே இருக்கிற மிளகாய், கத்தரிக்கு மறைப்பாகும். கிளிரிசிடியா இலையை வெட்டி மூடாக்காகப் போடலாம். மானாப்புல்லும் நல்லது. வெறும் மண்ணை வெயிலுக்குக் காட்டக் கூடாது.

வற்றாளைக் கொடி நட்ட முதல் சில கிழமைகளுக்கு ஈரம் வேணும். பிறகு அதுவே தரையை மூடிக்கொள்ளும். நாலு மாதத்தில் கிழங்கு. கறிவேப்பிலை, மாதுளை, தேசி ஆகியவற்றுக்கு முதல் வருசம் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். வாழை வறட்சி தாங்காது. பாத்திரம் கழுவுகிற தண்ணி போகிற கானோரத்தில் ஒன்றிரண்டு வையுங்கள்.

மரவள்ளியைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். காய்ச்சல் வந்தால் இலையை உதிர்த்து விட்டு உயிரோடு நிற்கும். மழை வந்ததும் துளிர்க்கும். ஆனால் கிழங்கில் விஷம் இருக்கிறது. தோலை முழுதாக உரித்து, சின்னத் துண்டாக வெட்டி, மூடி போடாமல் அவித்து, அந்தத் தண்ணியை ஊற்றி விடுங்கள். கிண்டி நாள் கடந்த கிழங்கு, நீலம் பாய்ந்த கிழங்கு வேண்டாம். பிள்ளைகள் பச்சையாகக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, மரவள்ளி கிண்டும்போது மண் இளகும். லயத்துக்கு மேல்பக்கச் சரிவில் அதை நடவே வேண்டாம். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் லயங்கள் மண்ணோடு போனதை மறக்க முடியுமா? அதுக்குக் காரணம் மரவள்ளி என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனாலும் சரிவு மண்ணை நாமே கிளறக் கூடாது. சமதரைத் துண்டில் நடுங்கள்.

நிலம் நம்ம பேரில் இல்லாதபோது மரம் வைத்தால் பிடுங்கச் சொல்வார்களே என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான பயம். மாதுளை, தேசி போல பல வருசம் நிற்கிற மரமென்றால் முதலில் வெளிக்கள உத்தியோகத்தரிடம் சொல்லி, முடிந்தால் எழுத்தில் வாங்குங்கள். தனி ஆளாகப் போக வேண்டாம், சங்கத்தோடு போங்கள். பதில் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. துவரையும் வற்றாளையும் ஒரு வருசத்துக்குள் பலன் தந்து விடும், அதை இந்த ஐப்பசிக்கே போடலாம்.

முருங்கைக் கம்பு, வற்றாளைக் கொடி வீட்டில் இருக்கிறவர்கள் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டு வாருங்கள். இல்லாதவர்கள் வெறும் பையோடு வந்தால் போதும்.