ஆறவிட்ட சூளை



மௌனத்தைப் பற்றிப் பேச என்னைக் கம்மாபுரத்துக்கு அழைத்துவிட்டு, நாலு பக்கமும் கூம்பு ஸ்பீக்கர் கட்டியிருக்கிறீர்கள். விழாக் குழுவுக்குக் குறும்பு அதிகம். ஆடி மாதம் இதே ஸ்பீக்கர் விடியற்காலை நாலு மணிக்கு அலறும்போது, அம்மன் நம்மிடம் ஏதாவது சொல்ல வந்தால்கூட நம் காதில் விழுமா?

என்னையே சொல்கிறேன். சந்நிதியில் நின்றால், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் போனவன் மாதிரி மனுவை நீட்டுவேன். மகனுக்கு வேலை, மழை, முழங்கால் வலி. நீட்டிய கையோடு திரும்பிவிடுவேன். பதிலுக்கு நின்றதே இல்லை.

பதிலுக்கு நின்ற ஒருவர் நம் பழைய தென்னாற்காடு ஜில்லாக்காரர். பெயர் சிவப்பிரகாசம் பிள்ளை. தத்துவம் படித்தவர், கலெக்டர் அலுவலகத்தில் ரெவின்யூ உத்தியோகம். 1902இல் அலுவல் விஷயமாகத் திருவண்ணாமலை போனார். மலைமேல் விரூபாட்ச குகையில் ஒரு சாமி இருப்பதாகச் சொன்னார்கள். ஏறிப் போனால், இருபத்திரண்டு வயது இளைஞர். பிற்காலத்தில் உலகம் ரமண மகரிஷி என்று கும்பிட்டது அவரைத்தான்.

அவர் 1896 செப்டம்பர் 1ஆம் தேதி, பதினாறு வயதில் அந்த ஊருக்கு வந்தவர். அமைதியான இடம் கிடைத்ததால் அமைதியானார் என்று நினைக்காதீர்கள். பெரிய கோயிலுக்குள் உட்கார்ந்தார், பொடியன்கள் கல்லெறிந்தார்கள். பாதாள லிங்கச் சந்நிதிக்குள் இறங்கினார், பூச்சிகள் தொடையை அரித்துப் புண்ணாக்கின. மௌன விரதம் என்று சங்கல்பமும் செய்யவில்லை. பேசத் தோன்றவில்லை, பேசவில்லை. அவ்வளவுதான்.

நாமாக இருந்தால் அந்தக் குகையில் டிரான்ஸ்பர் கேட்டிருப்போம். பிள்ளை கேட்டது, நான் யார்? வாய் திறக்காத சாமி சைகையில் சொன்னார், பிறகு எழுதிக் காட்டினார். சிலேட்டில் எழுதினார், மணலில் விரலால் எழுதினார். ஒரு கேள்விக்குப் பதில், அதிலிருந்து அடுத்த கேள்வி. இரண்டு பேருக்கும் நடுவே எத்தனை நேரம் சத்தமே இல்லாமல் போயிருக்கும், யோசித்துப் பாருங்கள்.

எல்லோரும் ரமணரின் மௌனத்தைப் பாடுகிறார்கள். எனக்கு அதைவிடப் பிள்ளையின் மௌனம் பெரிதாகப் படுகிறது. கடவுளின் குரல் கேட்டது என்று ஊருக்கு ஓடிவந்து அவர் மேடை போடவில்லை. 'நான் யார்?' என்ற அந்தச் சிறு நூல் அச்சேறியது 1923இல். இருபத்தோரு வருஷம்!

இந்தக் காத்திருப்பை மற்ற ஊரில் சொன்னால் விளக்க வேண்டும். விருத்தாசலம் செராமிக் பட்டறைகளுக்கு வேலைக்குப் போகிற உங்களுக்கு வேண்டாம். தீ அணைந்ததும் ஆசை தாங்காமல் சூளையைத் திறந்தால் என்ன ஆகும்? குளிர்ந்த காற்றுப் பட்டதும் பீங்கான் விரிசல் விடும். நல்ல மண், நல்ல கைவேலை, எல்லாம் போச்சு. உள்ளே என்ன வந்திருக்கிறது என்று தெரியாமலேயே ஆறும்வரை வெளியே உட்கார்ந்திருக்க வேண்டும்.

பக்கத்து வடலூரிலும் இதுதானே? வள்ளலார் 1872இல் எழுப்பிய ஞானசபையில் ஜோதிக்கு முன்னால் ஏழு திரைகள். ஒவ்வொன்றாக விலகும்வரை நிற்கிறோம்.

பிள்ளை கதையில் ஒன்று பாக்கி. மணலில் எழுதிய பதிலை மூட்டை கட்டிக்கொண்டு வர முடியாது. ஒரு காற்று போதும், அழிந்துவிடும். அதை அவர் பார்த்தார், மனதில் வாங்கிக்கொண்டார், மலையிறங்கி வந்த பிறகு காகிதத்தில் எழுதி வைத்தார். குகை வாசலில் இருந்து அவர் இருப்பிடம் வரை யாரும் குறுக்கே பேச்சுக் கொடுக்கவில்லை போலிருக்கிறது.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். உட்காருகிறேன்.