பட்டாளத்து வீட்டின் தாய்: பீமாபாயை நினைத்தல்



கடையம், பாரதியின் செல்லம்மா பிறந்த ஊர். ஒரு மனிதரின் எழுத்துக்குப் பின்னால் ஒரு பெண் பட்ட பாடு என்னவென்று இந்த ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்று நாம் நினைக்கக் கூடியிருக்கும் பெண் இந்தப் பக்கம் வந்தவர் அல்ல. ஆனாலும் நம் தெருக்களில் அவரைப் போன்றவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். அவர் பீமாபாய், பாபாசாகேப் அம்பேத்கரின் தாய்.

அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார் என்பதை நாம் அறிவோம். பீமாபாயும் பட்டாளத்து வீட்டுப் பெண்தான் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. தாணே மாவட்டத்து முர்பாட்கர் குடும்பம் அவருடையது. அவருடைய தந்தையும் தந்தையின் சகோதரர்களும் ராணுவத்தில் சுபேதார் மேஜர்களாக இருந்தவர்கள். 1891 ஏப்ரல் 14 அன்று, மோவ் ராணுவக் குடியிருப்பில், தன் பதினான்காவது பிள்ளையாக பீமராவைப் பெற்றார். பெற்ற பிள்ளைகளில் பலரை மண்ணுக்குக் கொடுத்தவர் அவர். பதினான்கு என்ற எண்ணை வாழ்க்கை வரலாறுகள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. நாம் அப்படிக் கடந்துபோகக் கூடாது.

பட்டாளம் நம் மக்களுக்கு என்ன கொடுத்தது? மூன்றைச் சொல்லலாம். ஒன்று, எழுத்து. படைவீரர்களின் பிள்ளைகள் ஆணும் பெண்ணும் படிக்க ராணுவத்தில் ஏற்பாடு இருந்ததை அம்பேத்கரே பதிவு செய்திருக்கிறார். ராம்ஜி ராணுவப் பள்ளியில் தலைமை ஆசிரியராகவே இருந்தார். இரண்டு, மாதம் தவறாத ரொக்கம். பண்ணையார் களத்தில் அளந்துபோடும் நெல்லுக்குக் கைகட்டி நிற்கத் தேவையில்லை. மூன்று, சேரிக்கும் ஊருக்கும் வெளியே ஓர் இடம். இந்த மூன்றும் ஆணின் பெயரில்தான் வந்தன. அவற்றைப் பிள்ளைகளின் படிப்பாக மாற்றியதில் பெண்ணின் கையும் இருந்தது.

நம் பகுதியிலும் இதுதான் நடந்தது. பட்டாளத்துக்காரர் வருஷத்துக்கு ஒருமுறை டிரங்குப் பெட்டியோடு வருவார். மீதி மாதங்களில் வீடு அம்மாவின் தலைமேல். மணியார்டரைக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து வாங்கி, கடனடைத்து, பள்ளிக்கூடத்துக்கு எடுத்துவைத்து, தானும் வயலுக்குப் போய் நாற்று நட்டவர்கள் அவர்கள். 'கருக்கு' எழுதிய பாமாவின் தந்தையும் ராணுவத்தில் இருந்தவர்தான். 1992இல் வந்த அந்தப் புத்தகத்தைப் படித்தவர்களுக்கு, பெண்களின் உழைப்பில்தான் அந்தக் குடும்பமும் நின்றது என்பது தெரியும்.

இதைச் சொல்வதால் ராணுவம் நம்மை விடுவித்தது என்று பொருளல்ல. 1818இல் பீமா கோரேகானில் போரிட்ட மகர் வீரர்களின் பேரப்பிள்ளைகள் காலத்தில், 1890களின் தொடக்கத்தில், மகர்களைப் படையில் சேர்ப்பதையே ஆங்கில அரசு நிறுத்தியது. 'போர்க்குல' மக்கள் என்றொரு பட்டியல் போட்டு நம்மை வெளியே தள்ளினார்கள். ஓய்வுபெற்ற படைவீரரான கோபால் பாபா வலங்கர் 1894இல் இதை எதிர்த்து மனு எழுதினார். மகர் ரெஜிமென்ட் அமைய 1941 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நம் பக்கத்திலும் பாடம் இருக்கிறது. ராணுவத்தில் பணியாற்றித் திரும்பிய இமானுவேல் சேகரனை 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் கொன்றார்கள். சீருடை போட்டவரையும் சாதி விடவில்லை.

ராம்ஜி ஓய்வுபெற்ற பின் குடும்பம் சதாராவுக்குப் போனது. அங்கேதான் பீமாபாய் இறந்தார். பீமராவ் அப்போது சிறு குழந்தை. தாய் இல்லாத அந்த வீட்டை, 'விசாவுக்காகக் காத்திருப்பு' என்ற தன்வரலாற்றுக் குறிப்புகளில் அம்பேத்கர் காட்டுகிறார். தந்தை வேலைக்காக வெளியூரில். அத்தை மிக அன்பானவர், ஆனால் கால் முடியாதவர். அண்ணன், தம்பி, அக்காவின் இரண்டு பையன்கள் என நான்கு சிறுவர்கள் பள்ளிக்கும் போய், தாங்களே சமைத்தும் சாப்பிட்டார்கள். ரொட்டி தட்டத் தெரியாததால், அரிசியையும் கறியையும் ஒன்றாகப் போட்டு வேகவைத்த புலாவிலேயே காலத்தை ஓட்டினார்கள்.

1901இல் அதே சிறுவர்கள் தந்தையைப் பார்க்கக் கிளம்புகிறார்கள். புதுச் சட்டை, புதுத் தொப்பி, கூடையில் சாப்பாடு. ரயில் நிலையத்தில் சாதி தெரிந்ததும் வண்டிக்காரர் எவரும் ஏற்ற மறுக்கிறார்கள். இரட்டைக் கூலி கொடுத்து, வண்டியையும் தாங்களே ஓட்டிப் போகிறார்கள். கூடை நிறையச் சோறு இருந்தும் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் இரவெல்லாம் பட்டினி. சுபேதாரின் பிள்ளைகள்தாம் அவர்கள். தந்தையின் பதவியும் தாய்வழி வீட்டின் பெருமையும் ஒரு குவளைத் தண்ணீரை வாங்கித்தரவில்லை.

இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதே நாங்கள் சொல்ல வந்தது. வீட்டுக்குள் தாயில்லாத அடுப்பு. வீட்டுக்கு வெளியே தண்ணீர் மறுத்த ஊர். முதலாவதை 'சொந்தத் துயரம்' என்றும் இரண்டாவதை 'வரலாறு' என்றும் பிரித்துவிட்டோம். அப்படிப் பிரித்ததால்தான் நம் தலைவர்களின் வரலாற்றில் தாய்மார்களுக்கு ஒரு வரிக்கு மேல் இடமில்லாமல் போயிற்று. ராணுவப் பதிவேட்டிலும் அவர்களுக்கு வாரிசு என்ற ஒரு கட்டம்தான். நம் இயக்கமும் அதே கட்டத்துக்குள் அவர்களை வைத்திருந்தால், நமக்கும் அந்தப் பதிவேட்டுக்கும் என்ன வேறுபாடு?

மாணவர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறோம். உங்கள் தெருவில் பட்டாளத்து வீடுகளுக்குப் போங்கள். சுவரில் மாட்டியிருக்கும் பதக்கத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். அந்த அம்மாவோடு திண்ணையில் உட்காருங்கள். மணியார்டர் வராத மாதம் எப்படிச் சமாளித்தீர்கள்? கடிதத்தை யாரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னீர்கள்? எத்தனை பிள்ளை பெற்றீர்கள், எத்தனை தங்கியது? நிலமோ வீடோ வாங்கியபோது பத்திரம் யார் பெயரில் எழுதப்பட்டது? இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள். அவர்கள் பேச்சு வழக்கிலேயே எழுதுங்கள், திருத்தாதீர்கள். அவர்கள் சம்மதித்தால் அடுத்த ஆண்டு இதே மேடையில் அவர்களே பேசட்டும். நாம் கீழே உட்கார்ந்து கேட்போம்.

பீமாபாயின் குரல் நமக்குக் கிடைக்கவில்லை. நம் அம்மாக்களின் குரல் இன்னும் இருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுவோம்.

ஜெய்பீம்.