ஓய்வு நாளில் வரும் பணமும் அதனைக் காக்கும் வழியும்

உழைத்துப் பொருள் ஈட்டுவதில் மனிதன் தன் வாழ்நாளில் முப்பது நாற்பது ஆண்டுகளைச் செலவிடுகின்றான். ஈட்டிய பொருளை எங்கே வைப்பது, எவ்வளவு காலத்திற்கு வைப்பது, யாரை நம்பி வைப்பது என்று ஆராய்வதற்கு முப்பது நாழிகையேனும் செலவிடுகின்றானா என்பது ஐயமே. மாதந்தோறும் வரும் சம்பளத்தைப் பொறுத்தவரை இக்கவனக் குறைவு பெருங்கேடு விளைப்பதில்லை. இம்மாதம் இழந்ததை அடுத்த மாதத்தில் ஒருவாறு ஈடுசெய்து கொள்ளலாம். வாழ்வில் ஒரே ஒரு முறை வரும் பெருந்தொகையோ அத்தகையதன்று. அது கைநழுவிப் போயின் மீண்டும் ஈட்டுதற்கு வயதும் இராது. உடல் வலிமையும் இராது.

இலங்கையில் தனியார் துறையிலும் தோட்டங்களிலும் உழைப்போரிற் பெரும்பாலோர்க்கு மாதாந்த ஓய்வூதியம் இல்லை. அவர்களுக்கு உள்ளது 1958-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட ஊழியர் சேமலாப நிதி. ஊழியரின் சம்பாத்தியத்தில் நூற்றுக்கு 8 பங்கு அவரிடமிருந்தும், 12 பங்கு தொழில் கொள்வோரிடமிருந்தும் இந்நிதிக்குச் செல்லுகின்றன. 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த ஊழியர் நம்பிக்கை நிதியத்திற்குத் தொழில் கொள்வோர் மேலும் நூற்றுக்கு 3 பங்கு செலுத்துகின்றனர். 1983-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம், ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமற் பணியாற்றியோர்க்கு, ஆற்றிய ஒவ்வோர் ஆண்டிற்கும் ஏறத்தாழ அரை மாதச் சம்பளத்தை வழங்குகின்றது. சேமலாப நிதியை ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் பெறுதற்கு உரியவராவர். சிறுகச் சிறுகச் சேர்ந்த பணம் அன்றைக்குத்தான் ஒருங்கே கைக்கு வருகின்றது.

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டு கொழுந்து பறித்து, 50 வயதில் வேலையை விட்டு நிற்கும் ஒரு தாயை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். எல்லாம் சேர்ந்து அவருக்கு 12 இலட்சம் ரூபா கிடைத்தது எனக் கணக்கின் பொருட்டு வைத்துக்கொள்க. அச்செய்தி லயத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குச் செல்ல அரை நாள் போதும். “அம்மா, முற்பணம் மட்டும் கட்டினால் ஒரு முச்சக்கர வண்டி எடுத்துவிடலாம், மிச்சத்தை ஓட்டிக் கட்டிவிடுவேன்” என்கிறான் மகன். “மாமி, இப்போதே ஒரு துண்டுக் காணி வாங்கிப் போடுங்கள்” என்கிறார் மருமகன். “அக்கா, ஒரு கைமாற்றுத் தந்தால் ஆறு மாதத்திலே திருப்பித் தருவேன்” என்கிறாள் தங்கை. நகரத்தில் அறிமுகமான ஒருவரோ, இலட்சத்திற்கு மாதம் 5,000 ரூபா தருவதாகச் சொல்லுகின்றார்.

இவர்களுள் எல்லாரும் தீயவரல்லர். மகனுக்கு மெய்யாகவே ஒரு தொழில் வேண்டும். தங்கைக்கு மெய்யாகவே நெருக்கடி இருக்கலாம். ஆயினும் ஒவ்வொருவரும் பணத்தை எங்கே இடவேண்டும் என்று சொல்லுகின்றனரேயன்றி, அந்தத் தாய்க்கு அப்பணம் எப்போது தேவைப்படும் என்று கேட்பார் ஒருவருமில்லை. பணத்தைப் பற்றிய முடிவு தொடங்க வேண்டிய இடம் இந்தக் கேள்வியே. வட்டி எவ்வளவு என்பது முதற் கேள்வியன்று. அது கடைசிக் கேள்வி.

இவ்வாறு காலத்தை அளவுகோலாகக் கொண்டு பார்த்தால், 12 இலட்சம் என்பது ஒரே பணமன்று என்பது புலனாகும். அதிலே நேற்றுத் தேவைப்பட்ட பணம் ஒன்று உண்டு, அதுதான் கடன். நகை அடகில் இருக்க, அதற்கு நூற்றுக்கு மாதம் 2 ரூபா வட்டி ஏறிக்கொண்டிருக்குமாயின், ஆண்டுக்கு அது 24 ரூபா ஆகின்றது. கையிலுள்ள பணத்தை நூற்றுக்கு 8 ரூபா வட்டிக்கு வங்கியில் இட்டுவிட்டு, மறுபுறம் 24 ரூபா வட்டி கட்டுவது ஓட்டைக் குடத்தில் நீர் மொள்ளுவதை ஒக்கும். ஆதலின் வட்டி மிகுந்த கடனைத் தீர்ப்பதே எந்த முதலீட்டிலும் மேலான முதலீடு. அதன் ஆதாயம் உறுதியானது. அதற்கு எவருடைய பிணையும் வேண்டுவதில்லை. இதற்கு 1,50,000 ரூபா சென்றது எனக் கொள்க.

அடுத்தது, நாளைக்கே தேவைப்படக்கூடிய பணம். நோய் வரலாம், மழையிலே கூரை போகலாம், மகனுக்குச் சில மாதம் வேலை இல்லாமற் போகலாம். வீட்டின் மாதச் செலவு 40,000 ரூபா எனின், ஆறு மாதச் செலவாகிய 2,40,000 ரூபாவைச் சாதாரண சேமிப்புக் கணக்கிலே வைத்தல் வேண்டும். அங்கே வட்டி குறைவுதான். எனினும் வேண்டிய அன்றைக்கே எடுக்கக்கூடிய வசதிக்குக் கொடுக்கும் விலை அது. இந்த ஒதுக்கம் இல்லாதவர் முதல் நோயிலேயே மீண்டும் அடகுக் கடைக்குச் செல்ல நேரிடும்.

மூன்றாவது, நாள் குறித்த செலவு. ஒன்றரை ஆண்டில் மகளின் கலியாணம் வரும். அதற்கு 2,10,000 ரூபா வேண்டும் எனின், அது அந்நாளுக்கு முன்னரே முதிர்வடையும் நிலையான வைப்பில் இருத்தல் தகும். ஒன்றரை ஆண்டிற் செலவிட வேண்டிய பணத்தைக் காணியில் முடக்குதலோ, விலை ஏறியிறங்கும் பங்குகளில் இடுதலோ பொருந்தாது. காணி நல்லதாக இருக்கலாம். குறித்த நாளில் வாங்குவார் வேண்டுமே!

எஞ்சியது 6 இலட்சம். இதுவே முதுமையின் ஊன்றுகோல். இதனையும் ஒரே வைப்பாக இடாமல், இரண்டு இலட்சமாக மூன்று கூறு செய்து, நான்கு மாதத்திற்கு ஒன்று முதிர்வடையுமாறு அமைத்தல் நன்று. 2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நூற்றுக்கு 10 ரூபாவிலும் குறைந்த வட்டிக்குப் பணத்தைப் பூட்டி வைத்தவர்கள், அவ்வாண்டின் இறுதியில் அதே வங்கிகள் 20 ரூபாவுக்கு மேல் வட்டி கொடுத்தபோது கைகட்டி நின்றனர். பின்னர் அந்த உயர்ந்த வட்டியும் இறங்கிவிட்டது. வட்டி ஏறுமா இறங்குமா என்று சோதிடம் பார்ப்பதினும், ஏறினாலும் இறங்கினாலும் பெருந்தீங்கு நேராதபடி பணத்தைப் பகிர்ந்து வைப்பதே அறிவுடைமை. வைப்புக்கு மாற்றாக, அரசாங்கம் 91, 182, 364 நாட்களுக்கு வெளியிடும் திறைசேரி உண்டியல்களையும் வங்கிகளின் வாயிலாக வாங்கலாம்.

இங்கே ஓர் உண்மையை மறையாமற் சொல்லுதல் வேண்டும். 6 இலட்சம் ரூபா, நூற்றுக்கு ஆண்டு வட்டி 8 எனின், ஆண்டிற்கு 48,000 ரூபா தரும். மாதத்திற்கு 4,000 ரூபா. முப்பது ஆண்டு மழையிலும் வெயிலிலும் உழைத்ததன் பயன் வீட்டுச் செலவில் பத்தில் ஒரு பங்குதானா என்று மனம் சோர்வது இயல்பே. அந்தச் சோர்வின் வேளையிற்றான் மாதம் நூற்றுக்கு 5 ரூபா தருவதாகச் சொன்னவரின் குரல் இனிமையாக ஒலிக்கின்றது. அக்கணக்கின்படி அதே 6 இலட்சம் மாதம் 30,000 ரூபா தரும். பேராசையினால் மட்டுமே மக்கள் ஏமாறுகின்றனர் என்பது முழு உண்மையன்று. போதாமையினால் ஏமாறுபவரே பலர்.

ஆனால் அந்த 30,000 ரூபா எங்கிருந்து வருகின்றது? மாதம் நூற்றுக்கு 5 என்றால், இருபது மாதத்தில் முதல் முழுவதும் திரும்பிவிடும். அஃதாவது, பணத்தை வாங்கியவர் ஒரு தொழிலும் செய்யாமலே, அந்தத் தாயின் பணத்தையே அவருக்கு இருபது மாதம் சிறிது சிறிதாகத் திருப்பிக் கொடுத்து, நாணயமானவர் என்று பெயரும் எடுக்கலாம். அதற்குள் அவரது நற்பெயரைக் கேட்டு அயலவர் பத்துப் பேர் பணம் கொண்டுவந்து கொடுப்பர். முதல் ஆண்டில் வட்டி ஒழுங்காக வந்தது என்பது எதற்கும் சான்றாகாது.

ஆள் சேர்த்தால் ஆதாயம் என்னும் பிரமிட் திட்டங்களும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. ஒருவர் ஆறு பேரையும், அவ்வொவ்வொருவரும் மேலும் ஆறு பேரையும் சேர்க்க வேண்டுமெனின், பத்தாவது படியில் 6 கோடிக்கு மேற்பட்டோர் வேண்டும். இலங்கையின் மக்கள் தொகையோ ஏறத்தாழ 2 கோடியே 20 இலட்சம். வங்கித் தொழிற் சட்டத்திற்கு 2005-ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட திருத்தம் இத்தகைய திட்டங்களைக் குற்றமாக்கியுள்ளது. சட்டம் தடுப்பதற்கு முன்பே கூட்டற்கணக்குத் தடுத்துவிடுகின்றது.

இரண்டாவது கேள்வி, யார் பொறுப்பு என்பது. 1832-இல் தொடங்கிய இலங்கைச் சேமிப்பு வங்கியும், 1885-இல் வந்த தபாற் கந்தோர்ச் சேமிப்பு வங்கியும் பிற்காலத்தில் தேசிய சேமிப்பு வங்கியாக ஒன்றிணைந்தன. 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவ்வங்கியிலுள்ள வைப்புக்கும் வட்டிக்கும் அரசாங்கமே பொறுப்பு. மத்திய வங்கியின் உரிமம் பெற்ற ஏனைய வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும் உள்ள வைப்புகட்கு, 2010-இல் ஏற்பட்ட காப்புறுதித் திட்டம் உண்டு. அதன் எல்லை, ஒரு நிறுவனத்தில் ஒரு வைப்பாளருக்கு 11 இலட்சம் ரூபா என 2021-இல் உயர்த்தப்பட்டது. கட்டிடத்தின் உயரத்தையும் விளம்பரத்தின் பகட்டையும் பாராமல், மத்திய வங்கி வெளியிடும் உரிமப் பட்டியலில் அந்நிறுவனத்தின் பெயர் உள்ளதா என்று பார்ப்பதே முறை.

ஊரிலே சீட்டுக் கட்டுதல் தமிழர்க்குப் புதிதன்று. இருபது பேர் மாதம் 5,000 ரூபா வீதம் கட்டினால், மாதந்தோறும் ஒருவர் ஓர் இலட்சம் எடுக்கின்றார். முதலில் எடுப்பவர்க்கு அது கடன். கடைசியில் எடுப்பவர்க்கு அது சேமிப்பு. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடிக்கும் பழக்கத்தை அது வளர்க்கின்றது. ஆயினும் அதன் காப்பு சீட்டுப் பிடிப்பவரின் நாணயமும் முன்னே எடுத்தவர்களின் நாணயமுமே. ஓய்வுக்காலப் பணம் முழுவதையும் தாங்க அத்தூண் போதாது.

மூன்றாவது கேள்வி, பொருள்களின் விலை. 2022-ஆம் ஆண்டு செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, ஓர் ஆண்டிற்குள் விலைகள் நூற்றுக்கு ஏறத்தாழ 70 வீதம் உயர்ந்திருந்தன. அவ்வாண்டில் ஓர் இலட்சம் ரூபா நூற்றுக்கு 15 வட்டி பெற்று 1,15,000 ஆகியிருந்தாலும், அதைக் கொண்டு வாங்கக்கூடியது முன்னர் 68,000 ரூபாவுக்கு வாங்கியதையும் எட்டாது. அமைதியான காலத்திலும் விலைகள் ஆண்டிற்கு 6 வீதம் ஏறினால் பன்னிரண்டு ஆண்டில் இரட்டிப்பாகும். 50 வயதில் 40,000 ரூபாவாக இருந்த வீட்டுச் செலவு 62 வயதில் 80,000 ரூபா. ஆதலின் வட்டி முழுவதையும் உண்டுவிடாமல் ஒரு பகுதியை முதலோடு சேர்த்துக்கொண்டே வரவேண்டும்.

தங்கம் இவ்விடத்திலே பயன்படுகின்றது. 2022-இல் ரூபாவின் மதிப்பு வீழ்ந்தபோது பவுணின் விலை உயர்ந்து, வைத்திருந்தோரைக் காத்தது. ஆனால் தங்கம் வட்டி தராது. நகையாக வாங்கினால் செய்கூலியும் சேதாரமும் திரும்பி வாரா. களவுப் பயமும் உண்டு. ஆகவே அது பணத்தின் ஒரு சிறு பங்காக இருத்தல் நன்று. முழுவதுமாக இருத்தல் நன்றன்று. கம்பனிப் பங்குகள் நீண்ட காலத்தில் வளரக்கூடியனவாயினும் ஓராண்டிலே பாதியாகவும் குறையலாம். இன்னும் இருபது ஆண்டு உழைக்கக்கூடிய இளைஞர் அதனைத் தாங்குவர். உழைப்பை விட்டவர் தாங்கார்.

மகனின் முச்சக்கர வண்டியைப் பற்றி என்ன சொல்லுவது? பிள்ளைக்குத் தாய் கொடுத்தல் கணக்கு நூலுக்குள் அடங்கும் பொருளன்று. ஆயினும் கொடுப்பது எது, கடனாகத் தருவது எது என்று முதலிலேயே தெளிவுபடுத்துதல் குடும்பத்தின் ஒற்றுமையைக் காக்கும். திரும்பி வராவிடினும் வருந்தாத அளவினையே கொடுத்தல் வேண்டும். மாதத் தவணை தவறினால் அதனைக் கட்டும் பொறுப்பைத் தாய் தன் கையொப்பத்தால் ஏற்றல் ஆகாது. தன் ஊன்றுகோலை முறித்துப் பிள்ளைக்குக் கொடுக்கும் தாய், நாளை அப்பிள்ளையின் தோளிலேயே சாய நேரிடும்.

இவற்றோடு சில சிறு காரியங்களையும் மறத்தல் ஆகாது. தேசிய அடையாள அட்டையில் ஒரு பெயரும் தோட்டப் பதிவில் வேறொரு பெயரும் இருந்தால் பணம் பெறுவதிலே தாமதம் நேரும். வேலையில் இருக்கும்போதே அதனைத் திருத்திக்கொள்ள வேண்டும். தமக்குப் பின் பணம் பெறுவோரின் பெயரை வங்கியிற் பதிவு செய்தல் வேண்டும். வங்கி அட்டையின் இரகசிய எண்ணைப் பிறர் கையில் ஒப்படைத்தல் ஆகாது. படித்தறியாத தாளிற் கையொப்பம் இடுதலும் ஆகாது.

எல்லாவற்றிற்கும் மேலாக, விரைவு வேண்டுவதில்லை. பணம் வந்த முதல் மாதம் முழுவதும் அது சேமிப்புக் கணக்கிலே கிடந்தால் இழப்பது சில ஆயிரம் ரூபா வட்டி மட்டுமே. அந்த ஒரு மாதத்திலே கடன்களை எழுதி, வரும் செலவுகளை எழுதி, நாட்களைக் குறித்துப் பார்த்தால், எந்தப் பணம் எங்கே செல்ல வேண்டும் என்பது தானே விளங்கும். இன்றைக்கே தராவிட்டால் வாய்ப்புப் போய்விடும் என்று எவரேனும் சொல்லுவாராயின், அந்த வாய்ப்புப் போவதே நலம்.